மேசைமேல் வைக்கப்பட்டது

மை உறைந்துவிட்டது.
தெர்சா குயிம்பி குப்பியை அக்குளில் இடுக்கியபடியே
கோவேறு கழுதையிலிருந்து இறங்கினாள்.
ஒன்பது மைல்.
நடுவில் ஒரே ஒரு புகைபோக்கி,
அதுவும் புகையவில்லை என்றாள்.

அயோவாவில் எங்களுக்கு அது இரண்டாம் குளிர்காலம்.
கட்டைச் சுவரின் இடுக்கு வழியே
இரவெல்லாம் பனி சலிக்கும்
பிள்ளைகளின் போர்வைமேல்,
யாரோ மாவு சலிப்பதுபோல்.

காகிதத்தை விரித்தாள்.
கூழ் தடவி ஒன்றோடொன்று ஒட்டிய ஏழு தாள்கள்.
மணமானவளின் காசு, மாடு, மெத்தை
அவள் பேரிலேயே இருக்கட்டும் என்று
சட்டசபைக்கு ஒரு மனு.
கீழே பெயர்கள்.
ஒருத்தி கையெழுத்தே இப்படிப் போட்டிருந்தாள்:
'எஸ்ரா பெல்நாப்பின் மனைவி.'
இன்னொருத்திக்கு எழுத்து தெரியாது,
கரி விரலால் ஒரு பெருக்கல் குறி.

மெத்தை என்றதும் நான் தலை நிமிரவில்லை.
ஒஹையோவிலிருந்து வண்டியில்
பதினெட்டு வாத்துகளின் இறகோடு வந்த என் மெத்தை
படகுத்துறைக் கடையில்
இரண்டு காலன் விஸ்கியாய் மாறியிருந்தது.
ஓரின் கெட்டவன் இல்லை.
திங்கள் முதல் வெள்ளி வரை
அவனைப்போல் ஒருவன் இந்தக் கவுண்டியிலேயே இல்லை.
அன்று புதன்கிழமை.
கோடரி தீட்டிக்கொண்டிருந்தவன் எழுந்து
அவளுக்காக முக்காலியை
அடுப்பருகே நகர்த்திப் போட்டான்.

'கையெல்லாம் மாவு' என்றேன்.
தெர்சா என் கையைப் பார்த்தாள்.
மாவு இருந்தது, உண்மைதான்.
சூடாக ஒரு குவளை குடித்துவிட்டுப் போய்விட்டாள்.
மை அதற்குள் இளகியிருந்தது.

மார்ச்சில், மேப்பிள் சாறு இறங்கும் நாட்களில்
மெஸ்க்வாகிப் பெண் ஒருத்தி வந்தாள்,
மரப்பட்டைப் பெட்டியில் சர்க்கரையோடு.
மாவு கொடுத்து வாங்கினேன்.
ஏன் என்று தெரியவில்லை,
அவளிடம்தான் முதன்முதலில் சொன்னேன்
அந்த மனுவைப் பற்றி, பாதி சைகையில்:
என்னுடையது என்னுடையதாய் இருக்க ஒரு காகிதம்.
'காகிதம்' என்றாள் எங்கள் மொழியிலேயே.
அந்தச் சொல் மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.
பிறகு எங்கள் உழவின் ஓரத்தில் நின்று
செருப்பு நுனியால் மண்ணை
ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு நடந்தாள்.
ஏழு தாளிலும் அவளுக்கு ஒரு வரி இல்லை.
அதை நான் தெர்சாவிடம் சொல்லவில்லை.
இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை இரவு முடியுமுன்னே
ஞாயிறு விடியலில் நடந்தேன், ஒன்பது மைல்.
தெர்சா பன்றிக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தாள்.
பேனாவை வாங்கி 'லோவினா' என்று எழுதினேன்.
அதன் பின் எந்தப் பேர்?
அப்பாவுடையதும் என்னுடையதில்லை,
ஓரினுடையதும் என்னுடையதில்லை.
நின்ற இடத்தில் மை ஊறி
பட்டாணி அளவு பொட்டானது.
அதுவே இருக்கட்டும் என்றாள்.

ஜூனில் பத்திரிகை வந்தது, மூன்று வாரப் பழையது.
மனு படிக்கப்பட்டது. சிரிப்பு.
மேசைமேல் வைக்கப்பட்டது.
அப்படியென்றால்?
'ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.
வைத்துவிட்டு எழுந்து போவது' என்றாள் தெர்சா.

எங்கள் வீட்டிலும் மேசை உண்டு.
வால்நட் பலகை இரண்டு, கால் ஒன்று குட்டை.
அதன்மேல் தினம் மாவு பிசைகிறேன்.
கரடி கிழித்த அண்டைவீட்டானின் தோளை
அதன்மேல்தான் கிடத்தித் தைத்தோம்.
இரண்டு பிள்ளைகளை அதன்மேல் பெற்றேன்;
ஒன்றை அதன்மேல் வைத்துக் கழுவி
வெள்ளைத்துணி சுற்றினேன்.
வைத்துவிட்டு எழுந்து போனதாய்
எனக்கு எதுவும் நினைவில்லை.

தெர்சா புதுத்தாள் ஒட்டுகிறாள், எட்டாவது.
வெயிலுக்கு மை இளகித்தான் இருக்கிறது,
உள்ளே ஒரு ஈ.
துடைப்பக் குச்சியால் அதை எடுத்துப் போட்டுவிட்டு
பேனாவை நனைத்தேன்.
கையெல்லாம் மாவு.