வெந்நீர்த் தொட்டியில் ஆறு பேர்

அக்குரேரியில் காலை ஏழு மணி, இன்னும் இருட்டு.
கழுத்துவரை வெந்நீர், தலைமேல் பனி.
போன்களெல்லாம் உடைமாற்றும் அறையில்
பூட்டிக் கிடக்கின்றன.
அதனால் இங்கே யார் சொல்வதும் உண்மைதான்,
துவட்டிக்கொள்ளும் வரை.

காசு போடும் பார்க்கிங் மீட்டரைப் பிடுங்கிவிட்டார்கள்.
இனி எல்லாம் செயலியில்.
"இந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டுத்
திரையைத் தடவச் சொல்கிறான்.
இவனெல்லாம் ஜனவரியைப் பார்த்திருக்கிறானா?"
ஹால்பேராவின் குரலில் ஆவி பறக்கிறது.

"காலத்தோடு போகணும்" என்கிறார்
மீன் ஏலக்காரர் ஸ்டெய்ன்தோர்.
போன வாரம் அவர் வீட்டு ஃப்ரிட்ஜ்
தன்னைப் புதுப்பித்துக்கொள்ள
ஒரு மணி நேரம் கதவு திறக்கவில்லை.
அதைப் பற்றி அவரும் வாய் திறக்கவில்லை.
அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

நகராட்சியில் வேலை பார்க்கும் ஒட்னி
மெல்ல மூக்குவரை அமிழ்கிறாள்.
அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் அவள்தான்.

யாரோ கழற்ற மறந்த கைக்கடிகாரம் கீச்சிடுகிறது:
இதயத் துடிப்பு அதிகம், ஓய்வெடுக்கவும்.

அப்போது சிரித்தோம் பாருங்கள்,
ஒட்னி குமிழி குமிழியாக.

வெளியே வந்தால்
என் வண்டிக் கண்ணாடியில்
அபராதச் சீட்டு.
காகிதத்தில்.