காரணம்

மனுத்தாளில் 'காரணம்' என்ற இடம்
ஒரு விரல் அகலம்.
ஜெமிமா அதில் கொள்ளவில்லை.

கம்பெனி வேன் விண்ணமங்கலத்தில்
ஏழு மணிக்கு நிற்கும்.
அவள் எட்டுக்குத்தான் பாலுக்கு விழிப்பாள்.
முன்னால் எழுப்பினால்
மார்பைப் பார்த்துச் சிரிப்பாள்,
குடிக்கமாட்டாள்.

ஒன்பதரைக்கு வருகிறேன் என்று எழுதினேன்.
ஆம்பூருக்கு ஷேர் ஆட்டோ என் செலவு.
சாப்பாட்டு நேரத்தில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள்.
டீ நேரமும்.

எத்திராஜ் சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.
"லைன் உனக்காக நிக்காதும்மா பியூலா.
நீ நாக்கு தெச்சாதான்
அடுத்தவ ஓரம் மடிப்பா."

உண்மைதான்.
பிரசவத்துக்குப் போகும்வரை
நாளுக்கு நானூற்றிருபது ஷூவுக்கு
நாக்கு தைத்தவள் நான்.
ஒன்றாவது எனக்காகப் பேசியிருக்கலாம்.

பத்தரை ஆகியிருக்கும்.
யாரும் அழவில்லை,
ஆனாலும் ரவிக்கை நனைந்தது.
துப்பட்டாவை இழுத்துவிட்டேன்.
சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார்,
விடவே இல்லை.

பக்கத்து மெஷினை நிறுத்திவிட்டு
ஹாஜிரா வந்தாள்.
"காலைல ஒண்ணரை மணி நேரம்
அவ நாக்கை நான் தெக்கிறேன்.
சாயங்காலம் என் வேலையை அவ பாக்கட்டும்.
நான் சீக்கிரம் போறேன்.
என் பெரியவனுக்கு டியூசன் இருக்கு, கூட்டிப்போக ஆளில்ல,
இத்தனை வருசமா நான்தான் கேக்கல."

"எழுதிக் குடுங்க.
திங்கக்கிழமை பாக்கலாம்."

இன்னொரு தாள்.
அதே ஒரு விரல் அகலம்.
ஹாஜிரா காரணம் எதுவும் எழுதவில்லை.
அந்த இடத்தில்
வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினாள்.
மிச்சமிருந்த இடப்பக்க மூலையில்
நான் தொடங்கினேன்.
நடுவில் இரண்டு பெயரும்
இடித்துக்கொண்டன.