கிளினிக் துண்டின் பின்புறம்

கோதுமைக் கப்பலின் சமையல்காரனுக்குக் கடைவாய்ப்பல்.
கப்பல் முகவர் கந்தோரில்
இந்த மாதிரி வேலைகள் என் மேசைக்குத்தான் வரும்:
அழுகிய தக்காளிக்கு மாற்று, தொலைந்த கடவுச்சீட்டு,
இப்போது ரோப்லேயின் இடது கன்னம்.

மாவாலை இறங்குதுறையிலிருந்து ஓட்டோ.
ஆடி மாதம். கச்சான் காற்று
பாலையூற்றுப் புழுதியை வாரி முகத்தில் அப்பியது.
வீங்கிய வாயைத் திறந்து அவன் சொன்ன முதல் சொல்
"கம்சீன்."
அங்கேயும் இதே காற்றுத்தான், பெயர்தான் வேறு என்று
கையால் விசிறிக் காட்டினான்.

பெரியாஸ்பத்திரி, பல் பிரிவு, இலக்கம் நாற்பத்திரண்டு.
உள்ளே பதினேழு நடக்கிறது.

எந்த ஊர்?
ஜிபூட்டி.
நாடா, நகரமா?
இரண்டு விரலையும் காட்டினான்.
தலைநகரைத் தூக்கிவிட்டால்
மிச்சம் எரிமலைக் கல்லும் ஒட்டகமும்.
பேச வலித்தது. பேனையைக் கேட்டான்.

முதலில் கடல்.
கடலுக்குள் நாக்கை நீட்டிய ஒரு நிலம்.
அதில் மெனெலிக் சதுக்கம், வளைவு வளைவாய் வாசல்கள்;
நிழலுக்கென்று கட்டியவை,
நிழலிலும் நாற்பது பாகை.
ஹமூதிப் பள்ளிவாசலுக்கு ஒரு வெள்ளை மினாரா.
மத்தியானம் ஒரு மணிக்கு
நகரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்,
எத்தியோப்பியாவிலிருந்து காத் இலை வந்து இறங்கும்வரை.
இறங்கியதும் எல்லா வாகனமும் ஹோர்ன் அடிக்கும்.
பிறகு மாலைவரை ஒருவரும் ஒரு வேலையும் செய்து தரமாட்டார்கள்.
எங்கள் கச்சேரியும் அப்படித்தான், என்றேன்,
இலை இல்லாமலே.

ஒரு தண்டவாளம் கீறினான். அது மலையேறிப் போகிறது
கடலில்லாத ஒரு பெரிய நாட்டுக்கு.
அவர்களுடைய சாப்பாடும் சீமெந்தும் இந்த வழியால், என்று
தன் தொண்டையைத் தொட்டான்.

பிறகு வட்டங்கள்.
பிரெஞ்சுக்காரன் முகாம். அமெரிக்கன். ஜப்பான். இத்தாலி. சீனன்.
ஒருவன் வேலியை மற்றவன் வேலி பார்த்தபடி.
"வாடகை நல்லது."
சொன்னபோது முகம் சுளித்தது
பல்லாலா என்று தெரியவில்லை.

இலக்கம் இருபத்தொன்பது.

துண்டில் மறுபாதி வெறுமையாய்க் கிடந்தது. பேனையை வாங்கினேன்.
எங்கள் குடா; அதற்குள் இன்னொரு குடா.
ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், ஆங்கிலேயன்
மாறிமாறிக் குந்திய கோட்டை, உச்சியில் கோணேசர்.
காட்டுக்குள் நூறுக்கு ஒன்று குறைய எண்ணெய்க் குதங்கள்;
இன்றைக்கும் யார் யாரோ வந்து
தட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
கடற்படை வாசலுக்கு ஒரு பெருக்கல் குறி.
நிலாவெளி உப்பளத்துக்குப் புள்ளிகள்.
புள்ளிகளைக் கண்டதும் சிரித்தான், உடனே கன்னத்தைப் பொத்தினான்.
தன் பாதியின் ஓரத்தில் அசல் ஏரியைத் தட்டிக் காட்டினான்:
கடலுக்கும் கீழே ஒரு பள்ளம், கரையெல்லாம் உப்பு.

உன் வீடு?
பல்பலா.
நகரத்துக்கு முன்னால் ஒரு காலம் முட்கம்பி இருந்தது.
உள்ளே விடாதவர்கள்
கம்பிக்கு இந்தப் பக்கம் தகரத்தால் கட்டிய ஊர்.
தாளில் இடமில்லை.
இடது உள்ளங்கையில் ஒரு சதுரம் கீறினான்.
உன்னுடையது?
கூனித்தீவு. கொட்டியாரக் குடாவுக்கு அக்கரை.
ஒன்பது வருசம் பாதுகாப்பு வலயம்;
திரும்பிப் போனபோது
கிணறு மட்டும் தன் இடத்தில் நின்றது.
அதற்கும் தாளில் இடமில்லை.
அவன் மற்றக் கையை நீட்டினான்.
கீறினேன், கிணற்றோடு.

நாற்பத்திரண்டு.
தாதி இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் துண்டைத் திருப்பித் தந்தாள்.
வாங்கில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன்.
வந்து பார்த்தால் விறாந்தையில் ஒரு புள்ளிமான்;
இந்த ஊர் மான்களுக்குப் புல்லைவிடத் தாள் ருசி.
இரண்டு துறைமுகம், ஐந்து முகாம், கோட்டை,
மலையேறிய தண்டவாளம் எல்லாவற்றையும்
அவசரமில்லாமல் மென்று முடித்து
இன்னும் இருக்கா என்று என்னைப் பார்த்தது.

பஞ்சைக் கடித்தபடி ரோப்லே வந்தான்.
மானைக் காட்டினேன்.
இரண்டு கையையும் விரித்தான்.
வியர்வையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது,
கிணறு சற்று அகலமாய்.

செலவுச் சீட்டு:
ஓட்டோ போகவர ஆயிரத்து இருநூறு.
ஐஸ்கிறீம் ஒன்று, வைத்தியர் சொன்னபடி.
மற்றது எனக்கு, என் கணக்கில்.