இஸ்திரிக்கடையில் எடுத்த தாளம்

செயின்ட் லூயிஸ், டெல்மார் தெருவில் சலவைக்கடை.
முப்பத்தோரு வருஷம் அங்கே நீராவி இஸ்திரி மிதித்தவள்,
வெர்டெல் புரூயிட்.
மேடையில் அவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.
துணியில் பார்த்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைப் பாடகி அர்செல்லாவின் அங்கியில்
அக்குள் நெடுக உப்பு.
ஆண்டவர் அவளிடம் எதையும்
சும்மா வாங்கிக்கொள்ளவில்லை.

ஆப்பரா பாடும் கோரலீன் விட்லோ:
பெர்லினில் காலடியில் பூ எறிந்தார்களாம்.
இங்கே பெரிய ஓட்டலுக்குள் எந்தக் கதவால் போனாள் என்று
அவள் சொல்லவில்லை.
பட்டின் ஓரத்தில்
சமையலறை எண்ணெய்க் கறை.
மூன்று தரம் தேய்த்தும் போகவில்லை.

ப்ளூஸ்காரன் ஹோஸி கிம்பிளின் கோட்டுப் பையில்
அறுந்த கிட்டார் தந்தி, அடகுச் சீட்டு.
கோட்டை வாங்க வந்தான்,
தோளில் கிட்டார் இல்லை.
அன்று கூலி கேட்க எனக்கு வாய் வரவில்லை.
அவனும் கொடுக்கவில்லை.

இவர்கள் இருக்கட்டும்.
டிரம்ஸ் அடிக்கும் ஆஸ்பரி நெட்டில்ஸைச் சொல்ல வேண்டும்.
இருந்ததே ஒரு கால்சட்டை.
அது என் இயந்திரத்தில் கிடக்க
திரைக்குப் பின்னால் உள்ளாடையோடு உட்கார்ந்து
முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான்.

மிதி, தடால், ஸ்ஸ்ஸ்.
மிதி, தடால், ஸ்ஸ்ஸ்.
பிறகு துணியைத் திருப்பும் நேரம்,
ஒன்றுமில்லை.
மறுபடி மிதி.

"அக்கா, அந்த ஒன்றுமில்லையை
எங்கே பிடித்தாய்?"
"முதுகுவலி" என்றேன்.

அடுத்த கோடையில் இசைத்தட்டு வந்தது.
தெருவே வாசலுக்கு வந்து ஆடியது.
மூன்றாம் அடிக்குப் பின்
ஊர் மொத்தமும் கால் தூக்கி நின்ற இடத்தில்
என் முதுகு.

அர்செல்லாவின் ஆர்கன்காரன் அதைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனான்.
பாவமன்னிப்பு கேட்கிறவர்களும்
அந்த இடத்தில் மூச்சைப் பிடித்தார்கள்.
பிறகு ஃபங்க் பையன்கள்,
அதன் கீழே தடித்த பாஸ் கிட்டாரை உருட்டிவிட்டார்கள்.
பிராங்க்ஸில் யாரோ ஒருவன்,
ஆஸ்பரி செத்த பிறகு பிறந்தவன்,
இரண்டே விநாடியை வெட்டி எடுத்து
வட்டத்தில் சுழல விட்டு
அதன்மேல் தன் தெருவைப் பேசினான்.

உறையில் என் பெயர் இல்லை.
ஆஸ்பரி பெயரே
பொடி எழுத்தில், ஒரு எழுத்து விட்டுப்போய்.

நேற்று சிக்னலில் நிற்கிறேன்.
பக்கத்துக் கார் கண்ணாடி அதிர்கிறது.
மிதி, தடால், ஸ்ஸ்ஸ்.
அந்த இடம் வரும் என்று
இடுப்பைப் பிடித்துக் காத்திருந்தேன்.
வந்தது.

பச்சை விழுந்ததைப் பார்க்கவில்லை.
பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள்,
தாளம் தப்பி.