மீதமுள்ள ஐந்து

ஜெலுத்தோங் அலுவலகச் சுவரில்
அட்டவணையை ஒட்டிய ஹாரித்
பசை காயும் முன்பே சொன்னான்:
நாலாம் இடம் போதும், பிளே-ஆஃப் நமக்குத்தான்.

பயிற்சியாளர் புள்ளிகளைக் கூட்டினார்.
நான் பேருந்து ஓட்டுகிறவன்,
கிலோமீட்டரைக் கூட்டினேன்.

செவ்வாய் கோத்தா பாரு.
சனி ஜொகூர்.
புதன் குவாந்தான். நடுவில் வீடு இல்லை.
பிறகு முதலிடத்து அணி நம் திடலுக்கே வரும்,
பையன்களின் கால்களுக்குள்
நெடுஞ்சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது.

ஒரு புள்ளி கீழே நிற்பவர்களுக்கோ
கடைசி மூன்று அணிகளும் வரிசையாக,
பந்தியில் பரிமாறியதுபோல்.

கிரிக் மலைப்பாதை.
யானை கடக்கும் பலகையருகே வேகத்தைக் குறைத்தேன்.
முழங்காலில் ஐஸ் பையோடு
தெய்வசிகாமணி பின்னாலிருந்து கேட்டான்:
"அண்ணே, சமன் பண்ணினாக்கூட நாலுதானே?"
"அவனுங்க தோத்தா," என்றேன்.
அதன்பின் இஞ்சின் சத்தம்தான்.

எப்படியோ தாக்குப்பிடித்தோம்.
குவாந்தானில் ஒன்று, நம் திடலில் ஒன்று,
அவர்களும் எங்கோ வழுக்கினார்கள்.
ஐந்தாவதுக்கு தைப்பிங்.
வெளியேறிவிட்ட அணி,
மூன்று மாதமாகச் சம்பளம் பார்க்காத பிள்ளைகள்.
ஒன்றரை மணி நேரப் பயணம்.
டீசல் பாதிகூட இறங்கவில்லை,
தூங்கக்கூட எவனுக்கும் நேரமில்லை.

இரண்டுக்கு ஒன்று.

பாலம் ஏறும்போது மழை.
தூரத்தைக் குறை சொல்லலாமென்று
வாயெடுத்தேன்,
வைப்பரைப் போட்டேன்.

மறுநாள் ஹாரித் நகத்தால் சுரண்டுகிறான்.
மேலே இருந்த நான்கும் சுலபமாக உரிந்தன.
கடைசி வரி மட்டும்
சுண்ணாம்போடு பெயர்ந்து வருகிறது.