கூரைப் படங்கள்

பேருந்துப் படியில் ஒரு காலை வைத்தபடியே
தன் கடவுச்சொல்லை என் உள்ளங்கையில் எழுதினாள் யெசுய்.
குளிரில் பேனா உறைந்திருந்தது.
வாயருகே வைத்து ஊதி, மறுபடி எழுதினாள்:
நாயின் பெயர், நான்கு எண்கள், ஓர் ஆச்சரியக்குறி.

"ஒன்பது நாள். அங்கே சிக்னல் கிடையாது.
எதையாவது எடுத்து அனுப்பு, கூரை போதும்.
தீ மட்டும் அணையக் கூடாது."

தீ என்றால் இதுதான்:
இரண்டு பேர் நாள் தவறாமல் படம் அனுப்பிக்கொண்டால்
பெயருக்குப் பக்கத்தில் சின்னதாய் எரியும், ஓர் எண்ணோடு.
ஒரு நாள் விட்டால் போச்சு.
கெஞ்சினாலும் திரும்பி வராது.
"கூரையைப் படம் பிடிக்கிறதுகள்" என்று அண்ணன் சிரிப்பான்,
யாரோ எங்கோ உதைக்கும் பந்துக்காக
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிறவன்.

உலான்பாதரின் மேட்டுத் தெரு, மைனஸ் முப்பத்து நான்கு.
வெளியில் எடுத்தால் போன் பாதி சார்ஜில் செத்துவிடும்.
ஒரு அக்குளில் என் போன்,
மறு அக்குளில் அண்ணனின் பழைய, கண்ணாடி விரிந்த போன்.
அதற்குள் யெசுய்.
இரண்டையும் அடைகாத்துக்கொண்டு
தண்ணீர் வரிசையில் நின்றேன்.

அவளுக்குப் பதினொரு தீ.
மிஷேலுக்கு, மேசைக்கடியில் என் முழங்கால்.
தெமூலனுக்கு, ஜன்னல் நிறையப் புகை.
(வானத்தை நீலமாக்கும் ஃபில்டர் ஒன்று உண்டு.
போட்டேன். எடுத்துவிட்டேன். அவள் போடமாட்டாள்.)
ஒரு பையனுக்கு, பெயர் வேண்டாம்,
லென்ஸைக் கையால் பொத்தி, வெறும் இருட்டு.
உடனே இதயம் அனுப்பினான்.
இருட்டுக்கு!

பிறகு எனக்கு.
என் கூரையை நானே எடுத்து எனக்கே அனுப்பினேன்.
அடுத்த அறையில் டிங் என்றது.
தெரியும்.
தெரிந்தும் ஓடினேன்.

பதினோராவது பெயர்: அம்மா. எழுநூற்றுப் பன்னிரண்டு.
இன்சியானில் அட்டைப்பெட்டி மடிக்கிறாள், இரவு ஷிஃப்ட்.
பிடித்தவன், பிடிக்காதவள், தள்ளிப்போன தேதி வரை
எல்லாம் சொல்கிற யெசுய்
இந்த எண்ணை மட்டும் சொன்னதில்லை.
அங்கிருந்து வந்திருந்ததும் கூரைதான்.
கூரைகூட இல்லை,
மேல்கட்டிலின் அடிப்பலகை, ஓரத்தில் குழல்விளக்கின் நுனி.

முதல் நாள் கூரை அனுப்பினேன். மறுநாளும்.
மூன்றாம் நாள் பயந்து, அவளைப் போலப் பின்னிக்கொண்டு
பின்னலை மட்டும்.
நான்காம் நாள் எழுத்தில் வந்தது:

"எங்கள் வீட்டுக் கூரையில் இடப்பக்கம் ஒரு கறை இருக்கும்,
ஒட்டகத்தின் தலை மாதிரி.
நீ யாரென்று கேட்கமாட்டேன்.
அவள் நன்றாக இருக்கிறாளா?"

எத்தனை இரவு அந்த வீட்டில் படுத்திருக்கிறேன்,
நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

அப்பாவிடம் போயிருக்கிறாள் என்று எழுதினேன்.
அழித்தேன்.
ஆடுகள் நின்றபடியே உறைந்து சாகின்றன,
எண்ணுவதற்கு ஆள் வேண்டுமாம் என்று எழுதினேன்.
அழித்தேன்.
அவள் சொல்லியிருக்காவிட்டால்?
அந்தப் பக்கத் திரையில் மூன்று புள்ளிகள்
இவ்வளவு நேரமும் துடித்துக்கொண்டிருந்திருக்கும்.

"நன்றாக இருக்கிறாள்."

"சரி. நாளைக்கும் அனுப்பு."

ஒன்பதாம் நாள் இறங்கினாள்.
உதடு வெடித்து, கோட்டெல்லாம் ஆட்டு வாடை.
எத்தனை ஆடு மிஞ்சியது என்று நான் கேட்கவில்லை.
"அணைஞ்சிடுச்சா?" என்றாள்.
போனை நீட்டினேன்.
விரலால் கீழே கீழே தள்ளி
கடைசிப் பெயரில் நின்றாள்.
கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி
அங்கேயே, என் முன்னாலேயே,
கடவுச்சொல்லை மாற்றினாள்.
நாயின் பெயர் இல்லை. நீளமாக வேறேதோ.
பார்க்காத மாதிரி பார்த்தேன்.

இரவு பதினொன்று ஐம்பதுக்கு டிங்.
கூரை. இடப்பக்கம் கறை.
போனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்,
எனக்கென்னவோ அது
பூட்ஸ் மாதிரிதான் தெரிகிறது.