மடி

ஆணா பெண்ணா என்று
காகிதத்தில் இரண்டு கட்டம்.
பல்லடம் ஆஸ்பத்திரியில்
பேனாவோடு நிற்கிறேன்.

அறுத்துச் சரிபண்ணிடலாம் என்கிறான் மச்சினன்,
கோயமுத்தூரில் தெரிந்த டாக்டர் இருக்காராம்.
பதினாறு வருசம் தறியில் நின்ற கை இது,
அறுந்த நூலுக்கு முடிச்சுப் போடும்.
அறாத நூலைப் பற்றி
அவனிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் மரகதம் வந்தாள்,
வெள்ளகோவிலிலிருந்து ரெண்டு பஸ் மாறி.
வாட்ச்மேன் மறித்தான், காசு கேட்க வந்தவள் என்று.
அவள் பையிலிருந்து எடுத்தது
மடித்து மடித்துக் கிழிந்த அரசாணை நகல்,
ஒரு பொட்டலம் பேரீச்சை.

"பால் குடிக்குதுங்களா?
ஒண்ணுக்குப் போகுதுங்களா?
உசுருக்கு ஒண்ணுமில்லீன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்கள்ல?
அப்பறம் என்னங்க அவசரம்.
வளந்து அதே சொல்லட்டும்."

அதுவரை ஒருத்தரையும் தொடவிடாத என் பொண்டாட்டி
துணியோடு தூக்கி
அவள் மடியில் வைத்தாள்.
ஈரமாக்கிவிட்டது புள்ளை.
சிரித்தாள், சேலையைப் பிழியவில்லை.

டீ குடிக்கப் போன மச்சினன்
இன்னும் திரும்பவில்லை.
காது குத்த மாமன் மடி வேணும்.
சொல்லி அனுப்புவோம்.
வராவிட்டால்,
வெள்ளகோவிலுக்கு ரெண்டு பஸ்தான்.